தாத்தாவின் பெயரை ஒரு செடிக்கு வைக்க முடியுமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "என் தாத்தா பூமலைத் தாவரவியல் பூங்காவில் பல ஆண்டுகள் தோட்ட வேலை பார்த்தவர். புதிதாகக் கண்டுபிடிக்கும் செடிகளுக்கும் பூச்சிகளுக்கும் மனிதர்களின் பெயரை வைக்கிறார்களே, அதை முடிவு செய்வது யார்? கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா? பணம் கட்ட வேண்டுமா? பூமலையில் ஆர்க்கிட் மலர்களுக்குத் தலைவர்களின் பெயரைச் சூட்டுவதும் இதுவும் ஒன்றுதானா? தாத்தா பெயரை எதற்காவது வைக்க வழி உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் அல்ல. அதற்கு வருமுன் தேக்கா சந்தையில் ஒரு மீன் வாங்கிக்கொண்டு வருவோம்.

தலைக்கறிக்கு மீன் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்டுகிற மீன்களில் ஒன்று, மலாய்க்காரர்கள் ஜெனாஹாக் என்று சொல்வது. பொன்னிற உடம்பு. செதில் வரிசைகளில் புள்ளி புள்ளியாகக் கோடுகள் ஓடும். முதுகுப் பக்கம், வாலுக்குச் சற்று முன்னால், கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாற்போல ஒரு கறுப்புத் திட்டு. அதன் அறிவியல் பெயர் லூட்ஜானஸ் ஜானீ. முன்பாதி மலாய்ச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. பின்பாதி நம் தரங்கம்பாடியிலிருந்து வந்தது.

1771இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1813இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார்தான் அந்த ஜான். பிரசங்கம் செய்த நேரம் போக மீதி நேரத்தில் சோழமண்டலக் கடற்கரையின் மீன்களையும் சிப்பிகளையும் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவர், இந்தியாவின் பக்கமே வராதவர், அந்த மீன்களை மேசையில் பரப்பி வைத்து ஆராய்ந்து பெயர் சூட்டினார். அனுப்பியவருக்கு நன்றியாக 1792இல் ஒரு மீனுக்கு ஜானின் பெயரை வைத்தார். அடுத்த ஆண்டு கத்தாழை மீன் கூட்டம் ஒன்றின் பேரினத்துக்கே, அதாவது நெருங்கிய உறவினங்களைச் சேர்த்த தொகுதிக்கே, ஜானியஸ் என்று வைத்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து அந்த மீனின் தலையைப் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறோம், பாதிரியாரைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாமல். நான் ஒருமுறை இதைத் தேக்காவில் மீன் வெட்டுகிறவரிடம் சொன்னேன். கத்தியை நிறுத்தாமலே, "பிடித்தவன் பெயரை யாராவது எழுதி வைத்தார்களா?" என்று கேட்டார். இந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வியை இதுவரை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். விதியில் தடை இல்லை. ஆனால் செய்தால் ஊர் சிரிக்கும். நடைமுறை என்னவென்றால் ஒருவர் இன்னொருவருக்கு வைப்பார், அவருக்கு வேறொருவர் வைப்பார். பேட்ரிக் ரஸ்ஸல் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 1801இல் நம் ஊர் மண்ணுளிப் பாம்புக்கு அதே ஜான் பாதிரியாரின் பெயரை வைத்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி விரியனுக்கு ரஸ்ஸலின் பெயரை இங்கிலாந்தில் வேறு இருவர் வைத்துவிட்டிருந்தார்கள். வைத்தவர்கள் ரஸ்ஸலின் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள். இரண்டு 'எல்' வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. 1797இல் அச்சான அந்தப் பிழை இன்றுவரை அப்படியே நிற்கிறது, ஏனென்றால் முதலில் அச்சில் வந்த வடிவத்துக்குத்தான் மதிப்பு. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை விழுந்து, ஆயுள் முழுதும் அதையே சுமக்கிறவர்களை நம் குடும்பங்களில் பார்த்திருக்கிறோமே, அதுபோலத்தான்.

பெயரின் ஈற்றில் வருகிற 'ஈ' என்ன என்று சிலருக்குக் குழப்பம். அது நமக்குப் புதிதல்ல, ஆறாம் வேற்றுமைதான். ஜானீ என்றால் 'ஜானுடைய' என்று பொருள். லத்தீனில் ஆணுக்கு ஓர் உருபு, பெண்ணுக்கு வேறு உருபு, பலருக்கு இன்னொன்று. ஒரு பெயரின் வாலைப் பார்த்தே அது பாட்டிக்கு வைத்ததா, தாத்தாவுக்கு வைத்ததா, குடும்பத்துக்கே வைத்ததா என்று சொல்லிவிடலாம்.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாலோர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காட்டில் முதலில் பார்த்தவர் அல்ல. அது புதிய இனம் என்று நிறுவி, அதன் விவரிப்பை முறைப்படி அச்சில் வெளியிடுகிறவர். ஒரு மூல மாதிரியைத் தேர்ந்தெடுத்து, யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கும்படி ஓர் அரும்பொருளகத்திலோ உலர்தாவரச் சேமிப்பகத்திலோ வைக்க வேண்டும். உறவினங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்க வேண்டும், வேறெதற்கும் ஏற்கெனவே சூட்டியதாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான். பெயரை முன்கூட்டியே அனுமதிக்கிற குழு எதுவும் விலங்கியலில் கிடையாது. விவரித்தவரின் பெயரும் ஆண்டும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். புக்கிட் தீமாவின் ஓடைகளில் வாழும் சிங்கப்பூர் நன்னீர் நண்டுக்கு ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் என்று பெயர் வைத்தவர் பேராசிரியர் பீட்டர் இங். எனவே அது எழுதப்படும்போதெல்லாம் 'இங், 1986' என்று கூடவே வரும். பிறகு தன் பெயரைத் தானே நண்டுக்கு வைத்துக்கொள்ள அவருக்கு என்ன அவசியம்?

பார்த்ததற்கும் பெயர் வைத்ததற்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடுவதுண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பார்வைக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான். உள்ளே அலமாரி அலமாரியாகச் சாராயத்தில் மிதக்கிற சீசாக்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. குவாம் தீவின் கடலடிக் கற்குவியலில் ஹாரி கான்லி என்பவர் தோண்டி எடுத்த ஒரு சின்ன நண்டு அப்படி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்தது. 2017இல் ஹோசே மெண்டோசாவும் பீட்டர் இங்கும் அதற்கு ஹாரிபிளாக்ஸ் செவெரஸ் என்று பெயரிட்டார்கள். 'ஹாரி' கான்லிக்கும் ஹாரி பாட்டருக்கும் சேர்த்து. 'செவெரஸ்' அந்தக் கதையில் தன் உண்மை நோக்கத்தைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்த ஆசிரியர் ஸ்னேப்புக்கு, ஏனென்றால் நண்டும் அத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்தது. விளையாட்டுப் பெயர் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்திருக்கிறது. கற்களைத் தூக்கி அடியில் தேடியவரின் பெயர் அதில் இருக்கிறதே.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. ராஃப்லீசியா என்ற பேரினப் பெயரை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உலகின் மிகப் பெரிய தனிமலரான ராஃப்லீசியா அர்னால்டீ, சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸுக்கும் அவரோடு சுமத்ராவுக்குப் போன மருத்துவர் ஜோசஃப் அர்னால்டுக்கும் வைத்த பெயர். 1818இல் பெங்கூலு பக்கத்துக் காட்டில் நடந்தது இது. அர்னால்டு தாமே எழுதிய கடிதத்தின்படி, அவர் மற்றவர்களை விட்டுச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மலாய் வேலையாள் ஓடிவந்து, பெரிய பூ ஒன்று இருக்கிறது வாருங்கள் என்று அழைத்தார். போய்ப் பார்த்தால் கொடியின் வேரை ஒட்டித் தரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சதைப்பற்றாக ஒரு மலர், மேலே ஈக்கள். சில வாரங்களில் அர்னால்டு காய்ச்சலில் இறந்துபோனார். லண்டனில் இருந்த ராபர்ட் பிரௌன் இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார். ஓடிவந்து கூப்பிட்டவரின் பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை. ஒரு வேலையாள், அவ்வளவுதான். அதற்கும் முன்பே ஜாவாவில் அதே பேரினத்து மலரைக் கண்டு குறிப்பெடுத்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் உண்டு. பெயர் டேஷாம். அவர் நாடு திரும்பும் வழியில் ஆங்கிலேயர்கள் அவருடைய குறிப்புகளைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். அப்போது காகிதங்கள் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்பதும் பெயர் எவருக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்தது.

வால்லஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் கொஞ்சம் மேல். 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, புக்கிட் தீமாவில் வண்டு பொறுக்கி, பின்பு தீவு தீவாகப் போனவர். தோளில் வெண்கொடி பிடித்தாற்போல இறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும் சொர்க்கப் பறவை ஒன்று வால்லஸின் பெயரைச் சுமக்கிறது. பச்சான் தீவில் அதை முதலில் சுட்டுக்கொண்டு வந்தவர் அலி என்ற உதவியாளர் என்று வால்லஸ் தம் பயண நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எழுதினார், சரி. பறவைக்குப் பெயர் வைத்தவர் லண்டனில் இருந்த கிரே. அவருக்குத் தெரிந்தது வால்லஸை மட்டும்தான்.

அந்தக் கடனைப் பின்னாளில் அடைத்த கதையும் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும், மீன்தொட்டிக்காரர்கள் மெலன் பார்ப் என்று விற்கும் சிறு கெண்டைகளுக்கு 2012இல் இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியகொடவும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய பேரினம் அமைத்தார்கள். திராவிடம் என்ற சொல்லை லத்தீனாக்கிப் பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால், 2010இலேயே யாரோ ஓர் ஈக் கூட்டத்துக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். விலங்குலகில் ஒரு பேரினப் பெயர் ஒன்றுக்குத்தான். மீன் தோற்றது, ஈ வென்றது. மாற்றுப் பெயராக 2013இல் பெத்தியகொட தேர்ந்தெடுத்தது ஹலுதாரியா. ஹலுதார் யார்? இருநூறு ஆண்டுகளுக்கு முன், கங்கை மீன்களைப் பற்றிய பெருநூலுக்காக ஃபிரான்சிஸ் ஹாமில்டன் அமர்த்திக்கொண்ட வங்காள இளைஞர். அந்த 1822ஆம் ஆண்டு நூலின் மீன் ஓவியங்களுக்குப் பின்னால் இருந்த கை. செதில் எண்ணிக்கை பிசகாத படங்கள், அவற்றை வைத்து இன்றும் மீனை அடையாளம் காண்கிறார்கள். இரண்டு நூற்றாண்டு தாமதமாக வந்தாலும், ஓர் இனத்துக்கல்ல, ஒரு பேரினத்துக்கே அவர் பெயர் வந்திருக்கிறது. தேக்கா மீன்காரரிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நம் பக்கத்துப் பெயர்கள் இல்லாமல் இல்லை. அனைத்துலக விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு சாலிபேசில்லஸ் கலாமீ என்று பெயர். பெயரிட்ட அமெரிக்க ஆய்வுக்குழுவை நடத்தியவர் கஸ்தூரி வெங்கடேஸ்வரன். ராமேஸ்வரத்துக் கலாமுக்கு விண்ணில் சுற்றிய ஓர் உயிர் பொருத்தம்தான், அது கிருமியாக இருந்தாலும். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ந்த ஜானகி அம்மாளுக்கு 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பல்லி ஒன்று கிடைத்தது: டிராவிடோகெக்கோ ஜானகியே. பெண்பால் உருபு, கவனியுங்கள்.

ஆனால் தமிழ்ப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு, நம்மவர்கள் மட்டுமே உணரக்கூடியது. மேலைநாட்டு ஆய்வாளர் பழக்கப்படி கடைசிப் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார். நமக்குக் கடைசியில் நிற்பது அப்பா பெயர். அடையாள அட்டையில் 'கோவிந்தன் மகன் முத்துசாமி' என்று இருக்கிற ஒருவரைக் கௌரவிக்க நினைத்து 'கோவிந்தனீ' என்று வைத்துவிட்டால், காட்டில் சேறு மிதித்தவர் முத்துசாமி, பெயர் நிலைத்தது அவருடைய அப்பாவுக்கு. ஜானகி அம்மாளுக்கு வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள், அவருடைய சொந்தப் பெயரையே எடுத்தார்கள்.

பணம்: முறையான வழியில் யாரும் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் பெயரிடும் உரிமையை ஏலம் விட்டதுண்டு. பொலிவியாவில் கண்டுபிடித்த குரங்கு ஒன்றின் பெயரை 2005இல் ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் 6,50,000 டாலருக்கு எடுத்தது. குரங்கின் பெயருக்கு லத்தீனில் 'தங்க அரண்மனையுடைய' என்று பொருள், அதாவது சூதாட்டத் தளத்தின் பெயர்தான். பணம் அந்தக் குரங்கு வாழும் காட்டைக் காக்கப் போனது என்பதால் நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். கசப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் கண்ணில்லாத வண்டு ஒன்றுக்கு 1937இல் ஹிட்லரின் பெயரை வைத்தார்கள். இன்றும் அதுவே பெயர். அவரை வழிபடுகிற கூட்டம் தேடித் தேடிப் பிடிப்பதால் அந்த வண்டுக்கே ஆபத்து. விலங்கியல் பெயர்களுக்கான ஆணையம், மனம் புண்படுகிறது என்பதற்காகப் பெயரை மாற்ற மாட்டோம் என்று 2023இல் சொல்லிவிட்டது. தாவரவியலார் 2024இல் மட்ரிட் மாநாட்டில், ஆப்பிரிக்கர்களை இழிக்கும் ஒரு சொல்லை இருநூறுக்கு மேற்பட்ட செடிப் பெயர்களிலிருந்து ஓர் எழுத்தை நீக்கித் திருத்த வாக்களித்தார்கள். எனக்குத் தாவரவியலார் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இனி பூமலை. அங்கே தலைவர்களுக்குச் சூட்டுவது இனப் பெயர் அல்ல, மனிதர் உருவாக்கிய கலப்பினத்தின் பெயர். 1956இல் அன்றைய ஆளுநரின் மனைவி ஆன் பிளாக் பெயரில் தொடங்கிய வழக்கம் அது. மண்டேலாவுக்கும் தாட்சருக்கும் மோடிக்கும் அங்கே மலர்கள் உண்டு. இயற்கையில் இல்லாத செடி, எனவே இனத்துக்கான விதிகள் இதற்குப் பொருந்தா. லண்டனில் உள்ள அரசத் தோட்டக்கலைச் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் ஏறினால் போதும். லத்தீன் வால் தேவையில்லை.

நம் தேசிய மலரும் அந்த வகைதான். தஞ்சோங் பகாரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம் தம் தோட்டத்து இரண்டு ஆர்க்கிட்களைக் கலந்து பெற்ற மலர் அது. 1893இல் அதை விவரித்து வாண்டா மிஸ் ஜோக்கிம் என்று உலகுக்குச் சொன்னவர் பூமலையின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. ஆக்னஸ்தான் கலந்து உருவாக்கினார் என்று ரிட்லி தெளிவாகவே எழுதியிருந்தும், பிற்காலத்தில் சிலர், அந்த அம்மாள் தோட்டத்தில் தற்செயலாக முளைத்ததைக் கண்டெடுத்திருப்பார், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூவின் மேலேயே பெயர் இருந்தும் ஒரு பெண்ணின் உழைப்புக்குச் சாட்சி கேட்டிருக்கிறார்கள். பெயர் வைத்த ரிட்லிக்குக் குறையில்லை. ரப்பர் மரத்தைச் சாகாமல் சீவும் முறையைக் கண்டு, நம் முன்னோர்கள் பலரை ரப்பர்த் தோட்டங்களுக்கு வரவழைத்த தொழிலுக்கு வழி திறந்தவர். அவர் பெயரில் செடிகள் பல, ஒரு பாம்பும் உண்டு. பத்துமலையில் 272 படி ஏறுகிறோமே, அங்குள்ள குகை இருட்டில் வௌவால் பிடித்துத் தின்று வாழ்கிற பாம்பு அது.

இப்போது உங்கள் தாத்தா. புதிய காட்டுச் செடி ஒன்றுக்கு அவர் பெயர் வரவேண்டுமானால், அதை விவரிக்கிற தாவரவியலாளருக்கு அப்படித் தோன்ற வேண்டும். நாம் கேட்டு வாங்குவது முறையல்ல. அவருடைய வேலையைப் பற்றிக் குடும்பத்தில் படங்களோ குறிப்புகளோ இருந்தால் பூமலைக்காரர்களிடம் காட்டிவையுங்கள், அதில் தவறில்லை. நீங்களே காட்டில் தேடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். இயற்கை வனப்பகுதியில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்க முடியாது.

கலப்பின ஆர்க்கிட்டுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இரண்டு டெண்ட்ரோபியம் தொட்டிகளை உங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் வைத்து, ஒன்றின் மகரந்தத்தைப் பல்குச்சியால் எடுத்து மற்றொன்றில் வையுங்கள். காய் முற்றினால் உள்ளே மாவு போல விதை இருக்கும். அது மண்ணில் முளைக்காது, கிருமி நீக்கிய குடுவையில் கூழின் மேல் முளைக்க வைக்க வேண்டும். அதைச் செய்து தரும் ஆர்க்கிட் பண்ணையைத் தேடிப் பிடியுங்கள். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அந்தச் சேர்க்கையை உங்களுக்கு முன் யாரும் பதிவு செய்திருக்காவிட்டால், சிறு கட்டணத்தில் தாத்தாவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம். ஆங்கில எழுத்தில்தான் ஏறும். தாத்தா பெயரில் ழகரம் இருந்தால் அதை எப்படி எழுதுவது என்று பூ பூப்பதற்குள் குடும்பத்தில் பேசி முடித்துவிடுங்கள், பெரியப்பா வீட்டையும் சேர்த்துக்கொண்டு.